சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம், நேரம், தேதி ஆகியவற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானப் பயணச்சீட்டுத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகளை இன்றும் செய்கிறார்கள். பெயரில் எழுத்துப் பிழை, காலாவதியான பாஸ்போர்ட் போன்றவற்றை ஒருமுறை பட்டாலே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சிங்கப்பூரின் சாங்கி நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கும் இடையிலான நேரடி விமானத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. அட்டவணையிலோ பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும். மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிச் சென்றாலும், நியூயார்க் செல்லும் விமானம் பல நாட்களில் பசிபிக் வழியே சுற்றிச் சென்று, மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்றைத் துணையாக்கிக்கொள்கிறது. ஆகவே வரைபடத் தூரத்தை வைத்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள்.

திரும்பி வரும் தேதி

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். சிங்கப்பூரில் 10ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் ஏறுபவர், நியூயார்க்கில் 11ஆம் தேதி அதிகாலையில் இறங்கிவிடுகிறார். இதைப் பார்த்துப் பழகியவர்கள் திரும்பும் பயணமும் மறுநாளே முடிந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். நியூயார்க்கில் 10ஆம் தேதி இரவு பத்தரைக்குப் புறப்படும் விமானத்தில் பதினெட்டரை மணி நேரத்தைக் கூட்டினால், அந்த ஊர்க் கணக்கில் 11ஆம் தேதி மாலை ஐந்து மணி. கோடையில் சிங்கப்பூர் 12 மணி நேரம் முன்னே இருப்பதால், சாங்கியில் அப்போது 12ஆம் தேதி காலை ஐந்து மணி ஆகியிருக்கும்.

திருச்சியில் காதுகுத்து விழாவுக்குச் செல்லவிருந்த ஒரு குடும்பத்துக்கு, பயிற்சியில் இருந்த தம்பி ஒருவர் சிங்கப்பூர்–திருச்சி விமானத்தைத் தனிச் சீட்டாக 11ஆம் தேதி இரவுக்குப் போட்டுவிட்டார். அவர்கள் நடுவானில் இருந்தபோதே அந்த விமானம் கிளம்பிவிட்டது. தனித்தனிச் சீட்டு என்பதால் இரண்டாவது விமான நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, பணமும் திரும்பவில்லை. நால்வருக்கும் அன்றைய விலையில் புதுச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் முதல் சீட்டில் இறங்கும் நேரத்தை ஒட்டிச் சிறிய எழுத்தில் "+2" என்று அச்சிடப்பட்டிருந்தது; புறப்பட்ட தேதிக்கு இரண்டு நாள் கழித்து இறங்கும் என்பதே அதன் பொருள்.

முதலில் புறப்படும் ஊரின் கடிகாரத்திலேயே பறக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். நேர வேறுபாட்டை அதன்பின் சேருங்கள். கடைசியாகத் தேதியை எழுதிச் சீட்டோடு ஒப்பிடுங்கள். இயன்றவரை முழுப் பயணத்தையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் (முன்பதிவு எண்ணில்) போடுங்கள்.

நியூயார்க்கில் இணைப்பு விமானம்

லகார்டியா, நியூவார்க் ஆகியவை கென்னடி நிலையத்திலிருந்து வேறான விமான நிலையங்கள், சீட்டில் உள்ள மூன்றெழுத்து நிலையக் குறியீட்டைப் பாருங்கள்.

கோடை நேரம்

மேலே சொன்ன 12 மணி நேர வேறுபாடு, நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கும் கோடை நேரத்துக்கு மட்டுமே. அது நடப்பில் இல்லாத, நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரையிலான காலத்தில் வேறுபாடு 13 மணி நேரம்.