சிகானோ அச்சுப்படத்தை எப்படிப் பார்ப்பது?

மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களான சிகானோ ஓவியர்களைப் பார்க்க ஆரம்பிக்கிறீர்களா? சரி, எஸ்தர் ஹெர்னாண்டஸ் 1982-இல் செய்த ‘சன் மேட்’ (Sun Mad) படத்தில் தொடங்குங்கள். சன்-மெய்ட் (Sun-Maid) என்ற அமெரிக்க நிறுவனத்தின் உலர்திராட்சைப் பெட்டியில் சிவப்புத் தொப்பியோடு திராட்சை ஏந்திச் சிரிக்கும் பெண் இருப்பாள் இல்லையா, அவள் இருந்த இடத்தில் இங்கே பல்லைக் காட்டும் எலும்புக்கூடு. கீழே உள்ள எழுத்தையும் விடாமல் படியுங்கள், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று வரிசையாக வரும். கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் எஸ்தர், சொந்த ஊர்த் தண்ணீரில் நஞ்சு கலந்த கோபம்தான் இப்படி வெடித்திருக்கிறது.

அப்புறம் மெக்சிகோவின் அச்சுக் கலைஞர் போசாதா செதுக்கிய எலும்புக்கூடுகளைத் தேடிப் பாருங்கள், வேர் அங்கேதான். இந்தப் படத்தை அச்சிட்ட முறை, துணி வழியே மையை அழுத்தும் சில்க்ஸ்கிரீன்; அது ஏன் என்றும் யோசியுங்கள்: மரச்சட்டம், துணி, மை இருந்தால் போதும், போராட்ட ஊர்வலத்துக்கு வேண்டிய சுவரொட்டிகளை மளமளவென்று மலிவாக அடித்துவிடலாம்.