விவால்டி பட்டியல்: எண் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி மேஜர் ஸ்கேலில் (ஸ்வர வரிசையில்) மட்டும் இருபதுக்கு மேற்பட்ட வயலின் கான்செர்ட்டோக்களை, அதாவது வயலின் முன்னணியில் நின்று இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்புகளை, எழுதியவர் இத்தாலிய இசையமைப்பாளர் அந்தோனியோ விவால்டி. அதனால் "விவால்டி, வயலின் கான்செர்ட்டோ, டி மேஜர்" என்று மட்டும் எழுதி வைத்தால் எது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எண் வேண்டும். ஆனால் அந்த எண்ணிலேயே தடுக்கி விழ நிறைய இடம் இருக்கிறது. இசைத்தட்டுச் சேகரிப்பை ஒழுங்குபடுத்துபவர்கள், நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுபவர்கள், இசைப்பள்ளி நூலகத்தில் நோட்டுகளை அடுக்குபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பலரும் முதலில் நம்புவது ஓபஸ் எண்ணை. அது அச்சான தொகுப்புக்கு இடப்பட்ட எண்தான். எழுதிய காலத்தைச் சொல்லாது, மொத்தப் படைப்பையும் உள்ளடக்காது. விவால்டி வாழ்ந்தபோது அச்சான அவருடைய தொகுப்புகள் ஓபஸ் 1 முதல் 12 வரைதான். அவற்றில் இருக்கும் கான்செர்ட்டோக்கள் 84. அவர் எழுதியவையோ ஏறத்தாழ 500. மீதிப் பெரும்பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1926-ல் வட இத்தாலியில் சலேசியத் துறவிகளின் பள்ளி ஒன்று தன்னிடமிருந்த பழைய ஏடுகளை விற்க நினைத்தபோதுதான் அந்தப் புதையல் வெளியே தெரிந்தது. ஃபோவா, ஜோர்டானோ என்ற இரண்டு செல்வந்தர்கள், சிறு வயதிலேயே இறந்துபோன தங்கள் மகன்களின் நினைவாக அவற்றை வாங்கி டூரின் தேசியப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார்கள். ஓபஸ் எண்ணை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் இந்த ஏடுகளில் பெரும்பாலானவை விடுபட்டுவிடும்.

ஓபஸ் விஷயத்தில் இன்னொரு பொறியும் உண்டு. சி மேஜரில் உள்ள புகழ்பெற்ற சிறு புல்லாங்குழல் கான்செர்ட்டோவைச் சில உறைகளில் "ஓபஸ் 44, எண் 11" என்று போட்டிருப்பார்கள். விவால்டி அப்படி ஒரு ஓபஸை வெளியிட்டதே இல்லை. 1940களில் மாரியோ ரினால்டி என்ற ஆய்வாளர் தன் பட்டியலுக்காகத் தானே இட்ட எண் அது. அதன் சரியான அடையாளம் ஆர்.வி. 443.

ஆர்.வி. என்பது டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ரியோம் 1970களில் வெளியிட்ட பட்டியல்; 'ரியோம் பட்டியல்' என்பதன் ஜெர்மன் சுருக்கம். இன்று உலகம் முழுக்கப் புழங்குவது இதுதான். அதற்கு முன் பென்ஷெர்ல் பட்டியல், ஃபன்னா பட்டியல் என்று வேறு சில இருந்தன. 'நான்கு பருவங்கள்' என்ற விவால்டியின் நான்கு வயலின் கான்செர்ட்டோக்களில் முதலாவதான 'வசந்தம்' ஆர்.வி. 269, அதுவே பென்ஷெர்லில் 241, ஃபன்னாவில் முதல் பிரிவின் 22. வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வைப்பதுபோல, பழைய எண்களையும் தனிப் பத்தியில் குறித்து வையுங்கள். பழைய இசைத்தட்டுகளில் அவைதான் இருக்கும். எந்தப் பட்டியலின் எண் என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதுவதுதான் இதில் பெரிய தவறு.

சரி, ஆர்.வி. எண் காலவரிசையா? அதுவும் இல்லை. ரியோம் முதலில் இசைக்கருவி வாரியாகப் பிரித்தார். அப்புறம் சி மேஜர், சி மைனர், டி மேஜர் என்று ஸ்கேல் வரிசையில் அடுக்கினார். ஆர்.வி. 1 என்பது 1709-ல் அச்சான ஓபஸ் 2-ல் உள்ள ஒரு சொனாட்டா (ஓரிரு கருவிகளுக்கான படைப்பு). அதற்கு முன்பே வந்த ஓபஸ் 1-ன் கடைசிப் படைப்பான 'லா ஃபோலியா'வுக்கு எண் 63. கணினியில் 'நான்கு பருவங்க'ளை ஆர்.வி. எண்படி வரிசைப்படுத்திப் பாருங்கள்: வசந்தம் 269, இலையுதிர் காலம் 293, குளிர்காலம் 297, கடைசியில்தான் கோடை, 315. அதனால் எண்ணோடு ஓபஸ், அச்சான ஆண்டு, தொகுப்பில் எத்தனையாவது என்பதற்கும் தனித்தனிப் பத்தி தேவை.

பெயரை அடையாளமாக வைப்பதும் ஆபத்து. 'கடற்புயல்' என்ற பெயரில் ஓபஸ் 8-ல் ஒரு வயலின் கான்செர்ட்டோ, ஆர்.வி. 253. ஓபஸ் 10-ல் அதே பெயரில் ஒரு புல்லாங்குழல் கான்செர்ட்டோ, ஆர்.வி. 433. இரண்டும் வேறு வேறு இசை. ஆனால் 433-ன் இசையே கருவி மாறி 98, 570 என்ற எண்களிலும் வருகிறது! ஒரே பெயருக்குள் இரண்டு படைப்பு, ஒரே படைப்புக்கு மூன்று எண். ஆகவே எண்களைக் கூட்டி "விவால்டி இத்தனை படைப்புகள் எழுதினார்" என்று சொல்லிவிட முடியாது.

எண்ணின் வாலில் வரும் எழுத்தையும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். ஆர்.வி. 208, 208ஏ இரண்டும் ஒரே கான்செர்ட்டோவின் இரண்டு வடிவங்கள். ஓபஸ் 7-ல் அச்சான 208ஏ-வில் நடுப்பகுதியே வேறு. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ஆர்கனுக்கு மாற்றி எழுதியது (பாக் படைப்புகளின் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 594) 208-ஐத்தான். 'ஏ'-வைத் தவறவிட்டால் பாக்கின் நடுப்பகுதி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விழிக்க நேரும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, இது யாருடையது என்ற கேள்வி. 1737-ல் பாரிஸில் 'இல் பாஸ்டர் ஃபிடோ' என்ற ஆறு சொனாட்டாக்கள் விவால்டியின் ஓபஸ் 13 என்று வெளிவந்தன. உண்மையில் தொகுத்து எழுதியவர் நிக்கோலா ஷெட்வீல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர். உடந்தையாக இருந்த பதிப்பாளர் 1749-ல் எழுதிக்கொடுத்த பத்திரம் இதை உறுதிப்படுத்துகிறது. ஆனாலும் ஆர்.வி. 54 முதல் 59 வரையான எண்களை அழிக்கக் கூடாது, வேறு படைப்புக்குக் கொடுக்கவும் கூடாது. எண் இருக்கட்டும், பக்கத்தில் "விவால்டியுடையதல்ல" என்று எழுதுங்கள். அழித்துவிட்டால் பழைய நூல்களைப் படிப்பவர் திண்டாடுவார்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. விவால்டி இறந்த பிறகு, பால்டன் என்ற வெனிஸ் பிரதியாளர் அவருடைய தேவாலய இசை சிலவற்றை அப்போது புகழோடிருந்த இசையமைப்பாளர் கலுப்பியின் பெயரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவைக்கு விற்றுவிட்டார். முகப்பில் கலுப்பி பெயர் இருந்ததால் நீண்ட காலம் அவருடையவை என்றே கருதப்பட்டன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜானிஸ் ஸ்டாக்கிட் 2003-ல் 'நிசி டோமினுஸ்', 2005-ல் 'டிக்ஸிட் டோமினுஸ்' இரண்டையும் விவால்டியுடையவை என்று அடையாளம் கண்டார். அவற்றின் எண்கள் 803, 807. அதே பாடல் வரிகளுக்கு விவால்டி இசையமைத்த மற்ற இரண்டு 'டிக்ஸிட் டோமினுஸ்'களும் 594, 595-ல் அடுத்தடுத்து இருக்க, இது மட்டும் பட்டியலின் வாலில் நிற்கிறது. இடையில் செருகினால் பின்னால் உள்ள எண் எல்லாம் மாறிவிடும் என்பதால் அப்படி.

முகப்பில் உள்ள பெயரைவிட முதல் சில ஸ்வரங்களை நம்புங்கள். ஒவ்வொரு பகுதியின் தொடக்க ஸ்வரங்களையும் பதிவு செய்து வைத்தால்தான் வேறு பெயரில் ஒளிந்திருக்கும் பிரதியை ஒப்பிட்டுப் பிடிக்க முடியும். ரியோமின் பட்டியல் 2007-ல் விரிவாக வெளிவந்தது. அப்போதிருந்து இத்தாலிய இசையறிஞர் ஃபெடெரிகோ மரியா சார்டெல்லி அதைக் கவனித்து வருகிறார், புது எண்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. உங்கள் பட்டியலின் தலைப்பிலும் எந்தப் பதிப்பைப் பின்பற்றினீர்கள், எந்தத் தேதியில் சரிபார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.