பயணத்திலும் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பயணம் கிளம்பினால் முதலில் அடிபடுவது வயிறும் தூக்கமும். உடற்பயிற்சி கெட்டுப்போவது அதற்குப் பிறகுதான். ஆனால் இதைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் "ஹோட்டல் அறையில் என்ன பயிற்சி செய்யலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இரவெல்லாம் புரண்டு படுத்தவரும் வயிறு கலங்கிக் கிடப்பவரும் எந்தப் பயிற்சியும் செய்யப்போவதில்லை. அதனால் இந்த விளக்கத்தில் சாப்பாடும் தூக்கமும் முன்னால் வருகின்றன, பயிற்சி பின்னால் வருகிறது.

படி 1: இலக்கைச் சின்னதாக்குங்கள்

பயணத்தில் எடை குறைக்கவோ புதிதாகத் தசை ஏற்றவோ முயல வேண்டாம். இருக்கிற உடற்தகுதியை இழக்காமல் திரும்பினாலே போதும். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஓரளவு வலு வந்துவிட்ட உடம்பில் அதைத் தக்கவைக்கக் கொஞ்சம் உழைப்பே போதும். வாரத்துக்கு ஒரே ஒரு முறை வலுப்பயிற்சி செய்தாலும், அதன் கடுமையை மட்டும் குறைக்காமல் இருந்தால், இளவயதினருக்குப் பல மாதங்கள் வரை வலிமை குறையாமல் நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயது கூடியவர்கள் வாரம் 2 முறை செய்வது நல்லது.

நடையைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நாளுக்கு 22 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இது தானாகவே நடந்துவிடும். கூட்டம், கருத்தரங்கு என்று அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்தான் இதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும்.

படி 2: கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை

வெளிநாட்டுப் பயணம் என்றால் 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். சில தடுப்பூசிகளை இடைவெளிவிட்டுப் பல தவணைகளாகப் போட வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். மலேரியா உள்ள இடத்துக்குப் போவதானால் தடுப்பு மாத்திரையைக் கிளம்பும் முன்பே தொடங்க வேண்டியிருக்கும்.

தினமும் சாப்பிடும் மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், சில நாளுக்கு உபரியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் துணிமணியை வாங்கிக்கொள்ளலாம், மருந்துக்கு எங்கே போவது? இன்சுலின் போடுபவர்கள் அதை விமானத்தின் சரக்குப் பகுதிக்கு அனுப்பவே கூடாது, அங்கே குளிரில் உறைந்து கெட்டுப்போகக்கூடும். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

பையில் சேர்க்க வேண்டியவை: ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கின்போது நீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலங்கள், காய்ச்சல் மாத்திரை, வெப்பமானி, காயக்கட்டு, கை சுத்திகரிப்பான், காதடைப்பான், கண்மறைப்பு, தண்ணீர் பாட்டில், முன்பே போட்டுப் பழகிய காலணி. புதுக் காலணி போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டால் மீதி நாளெல்லாம் நொண்டத்தான் வேண்டும்.

படி 3: உட்கார்ந்தே போகும் நேரத்தில்

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் நாளங்களில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. விமானம் மட்டுமல்ல, பேருந்து, ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலுள்ள ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தசை ஓய்ந்தால் ரத்தம் தேங்கும். ஆரோக்கியமானவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் நீண்ட பயணத்துக்கு முன் கட்டாயம் மருத்துவரிடம் பேச வேண்டும்.

செய்ய வேண்டியது சுலபம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தை உயர்த்துங்கள். பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள். இப்படி 20 முறை. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் எழுந்து நடங்கள். காலடியில் பையை அடைத்து வைத்தால் காலை நீட்ட இடம் இருக்காது. காரில் போகிறவர்கள் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுபவரின் கவனத்துக்கும் அது நல்லது.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கும். தொண்டையும் மூக்கும் கண்ணும் உலர்வது அதனால்தான். அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தவிர்த்துவிடுங்கள். காரிலோ பேருந்திலோ குமட்டல் வருபவர்கள் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து தொலைதூரத்தைப் பார்த்தபடி போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

படி 4: வாய்க்குள் போவது எல்லாம்

மற்றப் படிகளில் கொஞ்சம் தளர்ந்தாலும் பரவாயில்லை, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு கிருமி கலந்த உணவாலும் நீராலும் வருவதே.

தண்ணீரில் சந்தேகம் இருந்தால் கொதிக்க வையுங்கள். நன்றாகத் தளதளவென்று 1 நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் 3 நிமிடம் வேண்டும். கையடக்க வடிகட்டிகள் பலவும் பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும். குளோரின் மாத்திரை பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் பலிக்காது. இந்த மூன்று வகைக் கிருமிக்கும் கொதிநீரே நம்பகமானது. மூடி பிரிக்காத பாட்டில் தண்ணீர் குடிப்பவர்கள் பனிக்கட்டியை மறந்துவிடுகிறார்கள். சந்தேகமான நீரை உறையவைத்தால் கிருமி செத்துவிடாது. பல் தேய்க்கவும் நல்ல தண்ணீரே வேண்டும்.

உணவுக்கு ஒரே விதி: கண் முன்னால் சமைத்து ஆவி பறக்கத் தருவதையும், நீங்களே தோலுரித்துச் சாப்பிடும் பழங்களையும் நம்பலாம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பஃபேயில் வெதுவெதுப்பாக வெகுநேரம் கிடக்கும் பதார்த்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தாண்டிப் போய்விடுங்கள். சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் அது உங்களுக்கு வேண்டாம்.

கை கழுவுவது 20 விநாடி, சோப்போடு. சோப்பு கிடைக்காத இடத்தில் 60 சதவீதமாவது ஆல்கஹால் உள்ள சுத்திகரிப்பானைத் தடவிக்கொள்ளலாம். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸை அது சரியாகக் கொல்லாது. எனவே சாப்பிடும் முன்பும் கழிப்பறைக்குப் போய் வந்த பின்பும் சோப்புதான்.

இனி அளவு. ஊருக்குப் போய்விட்டு உணவை ரசிக்காமல் திரும்புவது பெரிய இழப்பு, அதைச் செய்யச் சொல்லமாட்டேன். ஒரு நாளில் ஒரு வேளையை ரசிப்பதற்கு ஒதுக்குங்கள். மற்ற வேளைகளில் தட்டில் புரதமும் காய்கறியும் முதலில் ஏறட்டும். வெறும் வயிற்றோடு அலைந்து கடைசியில் கண்ணில் பட்டதை அள்ளிப் போடுவதுதான் எடை ஏறக் காரணம். பையில் ஒரு பழமும் ஒரு கைப்பிடி பாதாமோ வேர்க்கடலையோ இருந்தால் அந்த நிலைமை வராது. மலச்சிக்கல் வருபவர்களுக்கும் இதே பழமும் தண்ணீரும் நடையும்தான் மருந்து.

படி 5: அப்படியும் வயிறு கெட்டால்

உடனே ஓ.ஆர்.எஸ். குடிக்கத் தொடங்குங்கள். வெறும் தண்ணீரைவிட இது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. சிறுகுடலில் சர்க்கரையும் உப்பும் ஒன்றையொன்று துணைக்கு அழைத்துக்கொண்டு உள்ளே போகின்றன, அவற்றின் பின்னால் நீரும் உறிஞ்சப்படுகிறது. பொட்டலம் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரை தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளுங்கள். உப்பு கூடினால் ஆபத்து, அளவு முக்கியம்.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் கழியாமல் இருப்பது, எதைக் குடித்தாலும் வாந்தி ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

படி 6: தூக்கம்

புது இடத்தில் முதல் இரவு ஆழ்ந்த தூக்கம் வராதது இயல்பு. மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே முதல் இரவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முடிந்தால் மறுநாள் காலையில் முக்கிய வேலையை வைக்காதீர்கள். அறையை இருட்டாக்குங்கள், காதடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். அதனால் மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

நேர மண்டலம் மாறும் பயணத்தில் உடல் கடிகாரம் நாளுக்குச் சுமார் 1 மணி நேரம்தான் நகரும். அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால், தாமதமாகத் தூங்கப் பழகுவது எளிது, சீக்கிரம் தூங்கப் பழகுவது கடினம். கிழக்கே போகும்போது அதிகம் வாடுவது அதனால்தான். சில மணி நேர வித்தியாசத்தில் கிழக்கே போனால் காலை வெயிலில் நடங்கள், மேற்கே போனால் மாலை வெளிச்சத்தில் இருங்கள். கிழக்கே 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் முதல் ஓரிரு நாள் அதிகாலை வெளிச்சத்தைத் தவிர்த்து நண்பகலில் வெளியே போங்கள். உடலுக்கு அந்த அதிகாலை இன்னும் முன்னிரவுதான், அப்போது படும் வெளிச்சம் கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளிவிடும். 2 நாளில் திரும்பிவிடுவீர்கள் என்றால் முடிந்தவரை வீட்டு நேரத்திலேயே தூங்கி எழுங்கள்.

படி 7: அறையிலேயே 15 நிமிடம்

கருவி எதுவும் வேண்டாம். எழுந்தவுடன், கைப்பேசியைத் தொடும் முன் செய்துவிடுங்கள். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பயணத்தில் அது நடக்காது.

முதலில் 2 நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, தோள்களையும் இடுப்பையும் சுழற்றுங்கள். பிறகு:

1. ஸ்குவாட், 12 முறை. பின்னால் நாற்காலி இருப்பதாக நினைத்து உட்கார்ந்து எழுங்கள். புதியவர்கள் நிஜ நாற்காலியையே வைத்துக்கொள்ளலாம்.
2. சாய்வு தண்டால், 8 முதல் 12 முறை. கைகள் உறுதியான மேசை விளிம்பில் இருக்கட்டும். கடினமாக இருந்தால் சுவரில் செய்யுங்கள்.
3. பை இழுத்தல், பக்கத்துக்கு 10 முறை. முதுகு வளையாமல் முன்சாய்ந்து, நிரம்பிய பையை ஒரு கையால் இடுப்பு வரை இழுங்கள். அறைப் பயிற்சிகளில் முதுகுத் தசையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், இதைத் தவிர்க்காதீர்கள்.
4. இடுப்பு உயர்த்தல், 15 முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குங்கள். உட்கார்ந்தே வந்த உடம்புக்கு இது பெரிய ஆறுதல்.
5. பிளாங்க், 20 முதல் 40 விநாடி. குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பை நேர்கோடாகத் தூக்கி அசையாமல் இருங்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் 1 நிமிடம் ஓய்வு. மொத்தம் 2 அல்லது 3 சுற்று. கடைசி இரண்டு மூன்று முறை உண்மையிலேயே கஷ்டமாக இருந்தால்தான் படி 1-இல் சொன்ன கடுமை கிடைக்கும். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் இறங்கும் வேகத்தைக் குறையுங்கள். 3 விநாடி எடுத்து இறங்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வாரம் 2 நாள் இதைச் செய்யுங்கள், மற்ற நாட்களில் நடை போதும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் பயிற்சியே கூடாது.

படி 8: வெயில், கொசு, மலை

வெயிலில் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேலுள்ள சன்ஸ்கிரீன், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. கொசு விரட்டியும் பூசுவதானால் சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி அதற்கு மேல். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும், மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். ஆகவே மாலையில் மட்டும் பூசினால் போதாது.

மலையேறுபவர்கள் 3,000 மீட்டரைத் தாண்டியபின், முந்தின இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்க வேண்டாம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஒரு நாள் ஓய்வு. தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் கீழே இறங்குங்கள், இரவானாலும் சரி.

படி 9: வீடு திரும்பிய பிறகு

முதல் ஓரிரு நாள் தூக்கத்தை நேர்ப்படுத்துங்கள். பயிற்சியை விட்ட இடத்திலிருந்து முழு வேகத்தில் பிடிக்காமல் ஒரு படி கீழிருந்து தொடங்குங்கள். மலேரியா தடுப்பு மாத்திரையை வீடு வந்தாயிற்று என்று நிறுத்தக் கூடாது. மாத்திரையைப் பொறுத்து 1 வாரமோ 4 வாரமோ தொடர வேண்டியிருக்கும். மலேரியா உள்ள இடத்துக்குப் போய் வந்தவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எங்கே போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்பதை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.