தமிழைத் துணைகொண்டு ரஷ்ய மொழி கற்கும் வழி

ரஷ்ய மொழி கற்க முனையும் நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடநூலையே கையில் எடுப்பதால், ஆங்கிலேயருக்குக் கடினமானவை எல்லாம் தமக்கும் கடினம் என்று எண்ணி மலைத்துவிடுகிறார்கள். உண்மையில் அவற்றுள் பல நமக்குப் பழகிப்போனவை. 'நான் மாணவன்' என்று வினைச்சொல் இல்லாமல் நாம் முடிப்பது போலவே ரஷ்யரும் 'யா ஸ்துத்யென்த்' என்று முடிக்கிறார்கள். 'எனக்கு இருபது வயது', 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குப் பிடிக்கும்' ஆகிய மூன்றிலும், நம் 'எனக்கு' நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'ம்ன்யே' நிற்கிறது. ஆகவே இலக்கணத்தைத் தமிழ் வழியாகவே பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் மட்டும் தமிழை நாடக் கூடாது. ரஷ்ய அரிச்சுவடியில் 33 எழுத்துகளே உள்ளன. ஒரு வாரம் ஊன்றிப் படித்தால் கைவந்துவிடும். விருந்தாளி, எலும்பு என்பவற்றுக்கான ரஷ்யச் சொற்களைப் பாருங்கள். முன்னது 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரத்திலும், பின்னது 'கடல்' என்பதில் ஒலிக்கும் ககரத்திலும் தொடங்குகின்றன. எஞ்சிய ஒலிகளில் வேறுபாடே இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் 'கோஸ்த்' என்றே நிற்கும். (இக்கட்டுரையில் தமிழெழுத்தில் தந்திருப்பது வாசிப்பு வசதிக்காக மட்டுமே, உங்கள் குறிப்பேட்டில் அவ்வாறு எழுத வேண்டாம்.) ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் 'ப்ரோபிஸி' என்னும் கையெழுத்துப் பயிற்சி ஏட்டில் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுங்கள், அச்செழுத்தை மட்டும் கற்றவரால் ரஷ்யர் கையால் எழுதிய சிறு குறிப்பைக்கூடப் படிக்க இயலாது.

மெய்யெழுத்துகள் வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிப்பது அடுத்த சிக்கல். 'ஞாயிறு' என்பதன் முதல் ஒலியைச் சொல்லி, நடுநாக்கு அண்ணத்தை நோக்கி எழுவதைக் கவனியுங்கள். 'இல்லை' என்னும் பொருளுடைய 'ஞெத்' ஏறத்தாழ அப்படியே தொடங்குகிறது. மென்மையைத் தரும் அந்த நாக்கசைவைப் பிற மெய்களுக்கும் பழக்க வேண்டும்.

சொல்லில் அழுத்தம் விழும் இடத்தைச் சாதாரண அச்சில் குறிப்பதில்லை. ஒரே எழுத்துகளால் ஆன சொல், முதலசையில் அழுத்தினால் கோட்டை, இரண்டாம் அசையில் அழுத்தினால் பூட்டு. அழுத்தம் விழாத ஒகரம் அகரத்தை ஒட்டி ஒலிப்பதால், 'மொலொகொ' என்று எழுதப்படும் பால் 'மலகோ' ஆகிறது. எனவே அழுத்தக் குறியும் உருபு அட்டவணையும் தரும் விக்சனரி என்னும் இணைய அகராதியில் பார்க்காமல் எந்தச் சொல்லையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஃபோர்வோ தளத்தில் அதன் உச்சரிப்பையும் கேட்டுவிடுங்கள்.

வேற்றுமைகள் ஆறு, நம்மிடம் எட்டு உண்டு. 'வீடு பார்த்தேன்' என்னும்போது ஐ உருபு மறைந்தும், 'தம்பியைப் பார்த்தேன்' என்னும்போது வெளிப்பட்டும் நிற்பதை நாம் அறிவோம். ரஷ்ய ஆண்பாற் பெயர்களிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான்: வீட்டைக் குறிக்கும் 'தோம்' மாறுவதில்லை, உடன்பிறந்தானைக் குறிக்கும் 'ப்ராத்' மட்டும் 'ப்ராத்தா' ஆகிறது. ஆனால் நம் உருபு எல்லாப் பெயருக்கும் ஒன்றே. அங்கோ பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப அது வேறுபடும். அட்டவணையை உருப்போடுவதைவிட, 'பேனாவால் எழுதுகிறேன்' போன்ற முழுத் தொடர்களை ஆன்கி என்னும் நினைவட்டைச் செயலியில் அட்டைகளாக்கி, நாளுக்குப் பத்து வீதம் சேர்த்து வருவதே மேல்.

நீண்ட உழைப்பைக் கேட்பது வினைச்சொல். ஏறக்குறைய ஒவ்வொரு வினையும் இரட்டையாக வரும். 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்னும் வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் 'சித்தால்', 'ப்ரசித்தால்' இரண்டும் விளங்கும் (பேசுபவர் பெண்ணானால் 'சித்தாலா', 'ப்ரசித்தாலா'). எல்லா இடத்திலும் இது பொருந்தாது என்பதால், இணையான இரு வினைகளையும் ஒரே அட்டையில் இரண்டு தொடர்களாக எழுதிப் படியுங்கள். ஒன்றை மட்டும் கற்று மற்றதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள்.