வேலூரில் தனியாகக் குடியேறுபவர் வீட்டைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்க்க வேண்டும்

வேலைக்காக வேலூருக்குத் தனியாக வருகிற இளைஞர்களில் பெரும்பாலோர் வாடகை, அட்வான்ஸ், அலுவலகத் தொலைவு ஆகிய மூன்றையும் கணக்குப் போட்டு வீட்டைப் பிடித்துவிடுகிறார்கள். ஆரணியிலிருந்து வந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். புதிதாகப் பிரித்த மனைப்பிரிவு ஒன்றில் காற்றோட்டமான மாடி வீடு குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு பக்கமும் காலி மனையும் சீமைக்கருவேலம் புதரும் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது கதவைத் தட்டிக் கேட்க ஒருவரும் இல்லை என்பது புரிந்தது. அதன் பிறகு வீடு பார்க்கும்போதெல்லாம், நான் இரண்டு நாள் வெளியே வரவில்லையென்றால் அதைக் கவனிக்கக்கூடிய ஆள் இந்தத் தெருவில் இருக்கிறாரா என்பதையே முதலில் பார்த்தேன். அப்படி ஒருவர் இருக்கிற தெருவில் பாதுகாப்பும் பழக்கமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

வேலூரில் இதைப் பார்ப்பது சற்றுக் கடினம், ஏனெனில் இங்கே கூட்டம் இருக்கிற இடமெல்லாம் அக்கம்பக்கம் இருக்கிற இடமாகாது. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் லாட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் தங்குகிறார்கள். மருந்துக் கடைகளும் உணவகங்களும் நெடுநேரம் திறந்திருப்பதால் இரவில் நடந்து போக அச்சமில்லை; ஆனால் இன்று எதிர் அறையில் பார்த்த முகம் அடுத்த மாதம் இருக்காது. காட்பாடிப் பக்கத்தில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யைச் சுற்றியும் இதே நிலைதான். பருவத் தேர்வு முடிந்ததும் மாணவர்கள் ஊருக்குப் போய்விட, கலகலப்பான தெரு ஒரே வாரத்தில் வெறிச்சோடிவிடும். ஆகவே அந்தப் பகுதியில் வீடு பார்க்கிறவர்கள் விடுமுறைக் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

நிலையாகக் குடியிருக்கிறவர்கள் வேண்டுமானால் காட்பாடி காந்தி நகர், சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, பாகாயம், தொரப்பாடி போன்ற பகுதிகளில் உள்தெருக்களைப் பார்க்கலாம். சத்துவாச்சாரியில் தேசிய நெடுஞ்சாலைக்கு எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் உங்கள் வேலை என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தினமும் இரவில் அந்தச் சாலையைக் கடப்பது விளையாட்டு அன்று. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை போன்ற பழைய பேட்டைகளில் வீடுகள் நெருக்கமாகவும் வண்டி நிறுத்த இடமின்றியும் இருக்கும். புதிதாக வந்தவரை எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காமல் விடமாட்டார்கள். பலருக்கு அது எரிச்சல் தரும். எனக்கும் தந்தது. இருந்தாலும் தனியாக இருப்பவருக்கு, ஒன்றுமே கேட்காத தெருவைவிட அதிகம் கேட்கிற தெரு மேல் என்பது என் கருத்து.

புரோக்கர் அழைத்துப் போகிற நேரத்தில் மட்டும் பார்த்தால் தெரு பிடிபடாது. மே மாத மதியத்தில் வேலூரில் எந்தத் தெருவும் ஆளில்லாமல்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது. காலை ஆறரை மணிக்குக் கோலம் போடுகிறவர்களும் குழாயடியில் நிற்கிறவர்களும் இருக்கிறார்களா, மாலை ஏழு மணிக்கு வாசற்படியில் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா, இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிகிறதா என்று மூன்று முறை போய்ப் பாருங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடமும் பெட்டிக்கடையிலும் நின்று பேச்சுக் கொடுத்தால், காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பனவற்றை வீட்டு உரிமையாளர் சொல்வதைவிட உண்மையாகச் சொல்வார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை நினைவில் வைத்து, ஆற்றோரமும் தாழ்வான இடமுமாக இருந்தால், அப்போது இந்த வீட்டில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று நேரடியாகவே கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு இரவு, காட்பாடி சந்திப்பில் கடைசி ரயிலில் இறங்கியவர் போலப் பாவித்து, வீடு வேலூர்ப் பக்கமானால் பாலாற்றுப் பாலத்தையும் கடந்து, அந்த வீடுவரை போய்ப் பார்க்க வேண்டும். எந்த நேரத்துக்குப் பிறகு பேருந்து இல்லை, ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்கிறார், நிறுத்தத்திலிருந்து வாசல்வரை எத்தனை அடி இருட்டு என்பதெல்லாம் அந்த ஒரு பயணத்தில் தெரிந்துவிடும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால், அந்தப் பேருந்து நிற்கிற இடத்துக்கு அருகே வீடு கிடைத்தால் மாதச் செலவும் குறையும்.

உரிமையாளர் பேச்சுலருக்கு வீடு இல்லை என்றால் வாதாடிப் பயனில்லை. அடுத்த வீட்டைப் பாருங்கள். சாதியைக் கேட்டு, சமையலைக் கேட்டு, வருகிற நண்பர்களின் மதத்தையும் கேட்கிறவர் வீட்டைக் கொடுத்தாலும் நான் போகமாட்டேன். ஊர் விசாரிப்பதும் இதுவும் வேறு வேறு. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் குடிபோக வேண்டாம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பேரம் பேசலாம். மின்கட்டணத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள்.

முதல் ஆண்டில் தனி வீடு வேண்டாம் என நினைக்கிற பெண்களுக்கு விடுதி நல்ல வழி. பெண்கள் விடுதி நடத்துவதற்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. பணிபுரியும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதி வேலூரிலும் உள்ளது. பெண்களுக்கான உதவி எண் 181. அவசர அழைப்புக்கு 112.

குடிபோன முதல் வாரத்தில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு ஆகிய மூன்றிலும் போய்ப் பெயரைச் சொல்லி, ஒரு வீட்டிலாவது உங்கள் பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். மூன்று வேளையும் செயலியில் உணவு வரவழைக்காமல், ஒரு வேளையாவது அருகிலுள்ள மெஸ்ஸில் சாப்பிட்டால் நான்கு பேர் பழக்கமாவார்கள். காலையில் கோட்டையைச் சுற்றி நடந்தால் இன்னும் சிலர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்காகத் தெருப் பிள்ளைகள் வசூலுக்கு வருவார்கள். நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐம்பது ரூபாய் கொடுத்து, அவர்கள் நோட்டில் உங்கள் பெயரை வீட்டு எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.