நெட்வொர்க் கேபிளில் ஆடியோ: கேபிள் மேல் பழி போடும் முன்

பேலன்ஸ்டு ஆடியோவுக்கு, அதாவது ஒரு சேனலுக்கு இரண்டு சிக்னல் கம்பிகள் வைக்கும் முறைக்கு, நெட்வொர்க் கேபிளா என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழக்கமான நெட்வொர்க் கேபிளான கேட்5இ-யின் உறைக்குள் முறுக்கிய ஜோடிகள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு பேலன்ஸ்டு சேனலைத் தாராளமாகக் கொண்டுபோகும். ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் மின்சார ரீங்காரம்) வந்தால் பெரும்பாலும் கோளாறு கேபிளில் இருக்காது, இரண்டு முனைகளிலும் நாம் பார்த்த வேலையில் இருக்கும்.

முதல் கோளாறு ஜோடி மாறுவது. பேலன்ஸ்டு இணைப்பில் வாங்கும் கருவி இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறியிருந்தால் கழிந்துபோகும். அந்த 'ஒரே அளவு' கிடைப்பதே முறுக்கினால்தான். கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே45 பிளக்கில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8 என்று அமைகின்றன. ஆளை ஏமாற்றுவது அந்த 3-6. வரிசையாகத்தானே இருக்கும் என்று 3-4 ஒரு சேனல், 5-6 ஒரு சேனல் என எடுத்துவிட்டால், ஒவ்வொரு சேனலுக்கும் பச்சை ஜோடியில் ஒன்றும் நீல ஜோடியில் ஒன்றுமாகக் கம்பிகள் கிடைக்கும். முறுக்கு வீண். போதாததற்கு, ஒரே முறுக்குக்குள் இரண்டு சேனல்கள் உரசிக்கொண்டு ஒன்றின் சத்தம் மற்றதில் கசியும்.

சாதாரண டெஸ்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. அது பார்ப்பதெல்லாம் இந்த முனையின் 3 அந்த முனையின் 3-க்குப் போய்ச் சேருகிறதா என்பதைத்தான். எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்த கேபிளை நம்பி, ஒரு மாலை முழுக்க மிக்சரைக் குடைந்துகொண்டிருந்தவன் நான். இப்போதெல்லாம் முதலில் பிளக்கைக் கண்ணால் பார்த்து நிறம் எண்ணுகிறேன். எக்ஸ்எல்ஆர் (மைக், மிக்சரில் சொருகும் மூன்று பின் இணைப்பு) பக்கம் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளும் பின் 2, பின் 3 இரண்டுக்கும் போகவேண்டும், அவ்வளவுதான். முனையில் முறுக்கைப் பிரிப்பதும் அளவோடு இருக்கட்டும். நெட்வொர்க் வேலையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதே என்பார்கள். ஆடியோவுக்கு அத்தனை கண்டிப்பு வேண்டாம். அதற்காக ஒரு சாண் பிரித்துவிட்டு மின்மாற்றியின் பக்கத்தில் படுக்கவைத்தால் ஹம் வராமல் என்ன செய்யும்?

அடுத்தது எக்ஸ்எல்ஆரின் பின் 1, அதாவது தரை இணைப்பு. ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) இல்லாத கேபிளில் நான்கு ஜோடிகளையும் நான்கு சேனல்களுக்குக் கொடுத்துவிட்டால் தரைக்கு ஒரு கம்பிகூட மிஞ்சாது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் பேண்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) பின் 2, பின் 3 வழியாக ஏறி பின் 1 வழியாகத் திரும்ப வேண்டும். திரும்ப வழி இல்லை என்றால் மைக் வேலை செய்யாது. ஷீல்டு உள்ள கேபிள் வாங்கினால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிளக்கும் உலோகக் கூடு உள்ளதாக இருக்க வேண்டும், ஆர்ஜே45-ஐ எக்ஸ்எல்ஆராக மாற்றும் பெட்டியில் அந்தக் கூடு பின் 1 வரை தொடர வேண்டும். பிளாஸ்டிக் பிளக் போட்டால் ஷீல்டு அங்கேயே அறுந்தது. ஷீல்டு இல்லாத கேபிள்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று சேனலோடு நின்று, நான்காவது ஜோடியைத் தரைக்கு விட்டுவிடுங்கள்.

லைன் அளவு சிக்னலுக்கு (மிக்சர் போன்ற கருவிகளுக்கு நடுவே ஓடும், மைக்கைவிட வலுவான சிக்னல்) தரைக் கம்பி இல்லாமலே பலமுறை சரியாக ஓடும், ஏனென்றால் இரண்டு கருவிகளும் மின்சார எர்த் வழியாகவே ஒன்றையொன்று அறிந்திருக்கும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் ஓடும் கருவி ஒன்று நடுவில் வந்தால் கதை மாறும்.

பேலன்ஸ் ஆகாத சிக்னலை இதில் அனுப்புவதும் அடிக்கடி நடக்கும் தவறு. ஆர்சிஏ (வீட்டு ஆடியோ கருவிகளில் வரும் பேலன்ஸ் ஆகாத இணைப்பு) அவுட்டை ஒரு ஜோடியில் சொருகிவிட்டால், கம்பி முறுக்கியிருக்கிறது என்பதற்காக அது பேலன்ஸ்டு ஆகிவிடாது. கெப்பாசிட்டன்ஸும் (கம்பிகளுக்கு நடுவே மின்னூட்டம் தேங்கும் தன்மை) இங்கேதான் கடிக்கும். கேட்5இ ஜோடிக்கு மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபேரட். 100 மீட்டருக்கு 5 நானோஃபேரட். 200 ஓம் மூலத்துக்கு (சிக்னலை அனுப்பும் கருவியின் அவுட்புட் தடை 200 ஓம் என்றால்) உயர் அதிர்வெண் சரிவு ஏறக்குறைய 150 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும், காதுக்கு எட்டாது. அதே தூரத்தை 10 கிலோஓம் மூலத்திலிருந்து ஓட்டினால் 3 கிலோஹெர்ட்ஸிலேயே சரியத் தொடங்கி, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

சிலர் "இது 100 ஓம் கேபிளாச்சே" என்று முனையில் 100 ஓம் ரெசிஸ்டர் வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்த 100 ஓம் மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கான கணக்கு. ஆடியோவில் 150 ஓம் மூலம் 10 கிலோஓம் உள்ளீட்டைப் பார்க்க வேண்டும். நடுவில் அந்த ரெசிஸ்டரை வைத்தால் சும்மாவே 8 டெசிபெல் போய்விடும். கேட்5இ-க்கு அடுத்த தரமான கேட்6 வாங்கினால் ஒலி தெளிவாகும் என்பதும் இதே ரகம்.

மைக்கையும் லைனையும் ஒரே கேபிளில் அனுப்பலாமா? சிக்னல் அளவைச் சொல்லும் டிபியு கணக்கில் மைக் -50, லைன் +4 என்றால் பக்கத்து ஜோடியில் 500 மடங்கு வோல்டேஜ் ஓடுகிறது. எல்லாம் ஒழுங்காக பேலன்ஸ் ஆகியிருந்தால் தப்பிக்கலாம். நான் தனித்தனியாகத்தான் ஓட்டுவேன். ஸ்பீக்கர் லைனுக்கு இந்தக் கேபிளை நினைக்கவே வேண்டாம், 24 கேஜ் கம்பி அதற்கு மிக மெலிசு.

தினமும் சுருட்டி விரிக்கும் இடத்தில் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ரகத்தை வாங்காதீர்கள், வளைந்து வளைந்து உள்ளே உடையும். பல இழை ரகம் பாருங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியது இன்னும் மோசம்.

அப்புறம், ஆர்ஜே45 என்றால் எதில் வேண்டுமானாலும் சொருகலாம் என்று நினைக்கும் ஆள் எல்லா இடத்திலும் உண்டு. முறையான பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும்) ஸ்விட்ச் எதிரில் ஏற்ற கருவி இருக்கிறதா என்று பார்த்துத்தான் மின்சாரம் விடும். மலிவான பாசிவ் இன்ஜெக்டர் எதையும் பார்க்காது. 4, 5, 7, 8 கம்பிகளில் 24 அல்லது 48 வோல்ட்டை நேராகத் தள்ளிவிடும், அந்தக் கம்பிகளில் உங்கள் மிக்சரின் அவுட்புட் இருந்தாலும்கூட. அதனால் ஆடியோ கேபிள்களுக்கு வேறு நிற உறை வாங்குங்கள், இரண்டு முனையிலும் 'ஆடியோ' என்று சீட்டு ஒட்டுங்கள்.