9 அடி 34 அடியைவிடப் பெரிதா? வகைமாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகளோடு இருந்து, குளத்து நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கும் சின்ன நிரல் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினோம். படிவத்தில் எச்சரிக்கை மட்டம் 34 அடி, இன்றைய மட்டம் 9 அடி என்று கொடுத்ததும், வான்கதவைத் திறக்கச் சொன்னது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

படிவத்தில் தட்டுவதெல்லாம் நிரலுக்குள் சரமாகத்தான், அதாவது எண்ணாக அல்லாமல் எழுத்துகளின் வரிசையாகத்தான் வரும். இரண்டு பக்கமும் சரமென்றால் இன்டர்பிரிட்டர் (நிரலை வாசித்து ஓட்டும் மென்பொருள்) அகராதி ஒழுங்கில் ஒப்பிடும்: '9' என்ற எழுத்து '3' இற்குப் பின்னால் வருகிறது, அதோடு முடிவு வந்துவிடும். ஒரு பக்கமாவது எண்ணாக இருந்தால் மற்றதையும் எண்ணாக்கி (இப்படிச் சரம், எண் என்ற வகையை மாற்றுவதுதான் வகைமாற்றம்) ஒப்பிட்டிருக்கும். 34 ஐ நிரலிலேயே எழுதிச் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது இதனால்தான். மூன்று சமன்குறி (வகையை மாற்றாமலே சமனா என்று பார்க்கும் ===) போட்டால் தப்பலாம் என்று நம்ப வேண்டாம். பெரிது, சிறிது பார்ப்பதற்கு அப்படியொரு கடும் வடிவம் அந்த மொழியில் இல்லை.

நெல் மூடைக் கணக்கிலும் இதே கதைதான். "12" உடன் 8 ஐக் கூட்டினால் "128". "12" இலிருந்து 8 ஐக் கழித்தால் 4. கூட்டல்குறி சரங்களை ஒட்டவும் செய்யும். கழித்தல்குறிக்கு எண்ணை விட்டால் வேறு வேலை இல்லை.

இதை "வகையை ஊகித்துவிட்டது" என்று சொல்வதும் தவறு. ஹாஸ்கெல், ஓகேமல் போன்ற மொழிகளில் நிரல் ஓடுமுன்பே எழுத்தைப் பார்த்து வகையை அறிவார்களே, அதுதான் ஊகித்தல். அங்கே பெறுமதி மாறுவதில்லை. இங்கே ஓடும்போது பெறுமதியே மாறுகிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வெற்றுச் சரம். அதை எண்ணாக்கச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0 தரும். மழைமானி பார்க்காத நாளும் மழையில்லாத நாளும் ஒன்றாகிவிடும்; பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. பைதனில் முழு எண்ணாக்கும் 'இன்ட்' பிழை காட்டி நின்றுவிடும், அந்த வகையில் நல்லது. ஆனால் அங்கேயும் "ஃபால்ஸ்" (பொய்) என்ற சொல்லைச் சரமாக, உண்மை அல்லது பொய் என்று மாற்றும் 'பூல்' இற்குக் கொடுத்தால் உண்மை என்றே வரும், வெறுமையில்லாத எந்தச் சரமும் உண்மைதான்.

தரவு உள்ளே வரும் இடத்திலேயே, வெறுமையா என்று பார்த்தபின், ஒரே தடவை எண்ணாக்குங்கள். தொலைபேசி இலக்கத்தை மட்டும் சரமாகவே விடுங்கள். எண்ணாக்கினால் வவுனியாவின் 024 இல் முன்னிற்கும் பூச்சியம் போய்விடும். சோதிக்கும்போது 9 ஐயும் 34 ஐயும் இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள், ஒரு பெட்டியை வெறுமையாகவும் விட்டுப் பாருங்கள்.